போர்முனையில் கியூரி அம்மையார்

மேரி கியூரி அம்மையாரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் நினைவிற்கு வருவது ரேடியம் என்னும் அரும்பொருளே. ஒழுகும் கூரையின் கீழ்க் கொப்பரையில் கனிப்பொருளைக் காய்ச்சி, ஆள் உயர இரும்புக் கோலால் அவர் கிளறிய கதையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதனை மீண்டும் விரித்துரைப்பது ஈண்டு நம் கருத்தன்று. அவ்வம்மையார் தம் வாழ்நாளில் நான்கு ஆண்டுகள் ஆராய்ச்சிச்சாலையை விட்டு வெளிப்போந்து, மோட்டார் வண்டி ஒன்றில் ஒரு டைனமோவையும் ஒரு கண்ணாடிக் குழாயையும் ஏற்றிக்கொண்டு போர்முனையெங்கும் அலைந்தார். நோயாளி வைத்தியசாலைக்கு வர இயலாதவிடத்து வைத்தியசாலையின் மின்கருவி நோயாளியிடம் செல்லவேண்டும் என்பதையும், அங்ஙனம் செல்லும் மின்சாரம் கட்டுக்கு அடங்கி நிற்கவேண்டும் என்பதையும் அந்நான்கு ஆண்டுகளில் அவர் செய்து காட்டினார். ரேடியத்தின் ஒளியில் மறைந்துபோன அச்செய்தியையே நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

பேரையூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இஃது அயலார் கதையன்று. மதுரைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இப்பழைய பாளையப்பட்டு ஊரிலிருந்து, பனையினின்று விழுந்தவனையும் கமலைக் கிணற்றில் கால் முறிந்தவனையும் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி நகரத்திற்குக் கொண்டுசென்ற காலம் ஒன்று இருந்தது. வண்டியின் ஒவ்வோர் ஆட்டத்திலும் முறிந்த எலும்பின் முனை சதையைக் கிழிக்கும். முறிவு எங்கே, எவ்வாறு என்பதைக் காணும் கருவி நகரத்திலன்றி வேறெங்கும் இல்லை. அக்கருவி எழுந்து நடந்து நோயாளியைத் தேடி வருமாயின் எத்துணை நன்று என்று எண்ணாதவர் யார்? கியூரி அம்மையார் எண்ணியதோடு நில்லாமல் அதற்குச் சக்கரமும் பூட்டினார்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் நாள் போலந்து நாட்டு வார்சா நகரில் பிறந்தார். மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா என்பது பிள்ளைப் பெயர். அக்காலத்தில் வார்சா ருஷியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த உபாத்தியாயர். போலந்துப் பள்ளிகளில் சோதனைக் கருவிகளைக் கொண்டு கற்பித்தல் கூடாதென்று ஆட்சியாளர் தடுத்தமையால், அவர் தம் கருவிகளை வீட்டிற்குக் கொண்டுவந்து கண்ணாடி அலமாரியில் வைத்தார். அவ்வலமாரியை அண்ணாந்து நோக்கியே சிறுமி மரியா வளர்ந்தாள். தாயாரைக் காசநோய் பற்றியது. நோய் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்று அஞ்சி அத்தாய் அவர்களை முத்தமிடுவதையும் தவிர்த்தார். 1878-இல் அவர் இறந்தபோது மரியாவிற்கு வயது பத்து. நுரையீரலின் உட்புறத்தை உயிருடன் இருக்கும்போதே பார்க்கக்கூடிய வழி அந்நாளில் எவரிடத்தும் இல்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறிவிடலாம். பெண்களுக்குச் சர்வகலாசாலை திறவாத நாட்டில் பிறந்த அக்காளும் தங்கையும் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். மரியா பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டி அக்காள் பிரோனியாவைப் பாரிசில் வைத்தியம் படிக்கவைப்பது. பின்னர் அக்காள் தங்கையை அழைத்துக்கொள்வது. உடன்படிக்கை இம்மியும் பிசகாது நிறைவேறியது. 1891-இல் பாரிசு சேர்ந்த மரியா 1893-இல் பௌதிகத் தேர்வில் முதலாவதாகவும், 1894-இல் கணிதத் தேர்வில் இரண்டாவதாகவும் தேறினார். 1895-இல் பியேர் கியூரியை மணந்தார். 1898-இல் இருவரும் பொலோனியம், ரேடியம் என்னும் இரண்டு மூலப்பொருள்களைக் கண்டறிந்தனர். 1903-இல் நோபெல் பரிசு. 1906-இல் பாரிசுத் தெருவில் குதிரை வண்டியில் அகப்பட்டுக் கணவர் மரணம். 1911-இல் இரண்டாவது நோபெல் பரிசு.

இவற்றுள் ஒன்றை மட்டும் மாணவ நண்பர்கள் நினைவில் இருத்தவேண்டும். கதிரியக்கத்தை அம்மையார் கண்ணால் கண்டு அளக்கவில்லை, மின்சாரத்தால் அளந்தார். யுரேனியத்தின் கதிர் காற்றினூடே செலுத்தும் மின்னோட்டம் மிக நுண்ணியது. ஓர் ஆம்பியரை ஆயிரங்கோடி கூறு செய்தால் அதில் ஒரு கூறினும் குறைந்தது. பியேரும் அவர் தமையனாரும் படிகக்கல்லைக்கொண்டு அமைத்த மின்மானியில் அதனை நாள்தோறும் அமைதியாக அளந்த கை அவருடையது. அத்தகைய கையே பின்னாளில் மோட்டார் வண்டியின் டைனமோவையும் ஆண்டது.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் உலகப்போர் மூண்டது. பாரிசில் அம்மையாருக்கென எழுப்பப்பட்ட ரேடிய ஆராய்ச்சிச்சாலை அப்பொழுதுதான் கட்டி முடிந்திருந்தது. ஆனால் அதனுள் பணிசெய்ய ஆளில்லை. உதவியாளர் பெரும்பாலார் போருக்குச் சென்றுவிட்டனர். ஜெர்மானியப் படை நகரை நெருங்கியபோது அம்மையார் தம்மிடமிருந்த ஒரு கிராம் ரேடியத்தை ஈயப் பெட்டியிலிட்டு இரயிலேறி, போர்தோ நகரில் ஒரு பெட்டகத்தில் ஒப்புவித்துவிட்டு, தாம் மட்டும் பாரிசிற்குத் திரும்பினார். ஊரைவிட்டு மக்கள் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் அவர் பயணம் செய்தார்.

திரும்பியவர் கண்ட செய்தி அவரைத் திடுக்கிடச் செய்தது. ராண்ட்ஜன் துரை எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து 19 ஆண்டுகள் ஆகியும், போர்முனை வைத்தியசாலைகளில் அக்கருவி அரிதாகவே இருந்தது. வீரனுடைய தொடையில் தைத்த குண்டு எங்கே என்றறியாமல் இரண வைத்தியர் கத்தியால் துழாவினர். துழாவிய இடத்தில் சீழ் வைத்தது. சீழ் வைத்த காலை வெட்டி எறிந்தனர். வெட்டுண்டவருள் பலர் மாண்டனர். பெருநகரங்களில் கருவியுண்டு, புண்பட்டவரோ அங்கே வந்துசேருமுன் இறந்தனர்.

போர்க்களத்திற்கு எக்ஸ் கதிர்க் கருவி செல்வது அதுவே முதன்முறை என்று நினைத்தல் தவறு. நம் இந்திய நாட்டின் வடமேற்கு எல்லையில் 1897-98-இல் நடந்த திரா படையெடுப்பில் பீவர் என்னும் படை வைத்தியர் மலைப்பாதைகளில் அக்கருவியைக் கொண்டுசென்று குண்டுகளைக் கண்டறிந்தார். 1898-இல் சூடான் பாலைவனத்தில் பாட்டர்ஸ்பி என்பவர் பட்ட பாடு வேடிக்கையானது. மின்கலங்களுக்கு மின்னேற்றுவதற்கு வேறு வழியின்மையால், இருவர் ஏறும் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு டைனமோவுடன் வாரால் இணைத்து, கொளுத்தும் வெயிலில் ஆட்களை மிதிக்கவைத்தார். இவையெல்லாம் தனி மனிதரின் முயற்சிகளாய் நின்றன. கதிர் உண்டாக்கும் குழாயைச் சுமப்பது அரிதன்று. அதற்கு வேண்டிய மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது, பெற்றதை எவ்வாறு அடக்குவது என்பதே அனைவரையும் மலைக்கவைத்த வினா.

அம்மையார் கண்ட விடை எளியது. மோட்டார் வண்டிக்கு எஞ்சின் உண்டு. வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா நிற்கிறது. அதனோடு டைனமோவை இணைத்தால் வண்டியே மின்சார நிலையம் ஆகிவிடும். செல்வர் வீட்டுப் பெண்டிரிடம் அவர்தம் வண்டிகளைக் கேட்டார். கருவி செய்வோரிடமும் கல்லூரிகளிடமும் சும்மா கிடந்த குழாய்களையும் சுருள்களையும் கேட்டார். போர் முடிந்தபின் வண்டியைத் திருப்பித் தருவதாக வாக்களித்து, அது பழுதின்றி எஞ்சுமாயின் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொள்வாராம். படை அலுவலகங்களில் ஓலை எழுதுவோர் பலர் முகஞ்சுளித்தனர். போர்க்களத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். இரண்டு நோபெல் பரிசு பெற்றவரும் முத்திரைச் சீட்டிற்காக வாயிலில் காத்துக் கிடக்கவேண்டியிருந்தது. செஞ்சிலுவைச் சங்கம் அவரைக் கதிர்ப் பிரிவின் தலைவராக்கியது. 1914 அக்டோபர் மாத இறுதிக்குள் முதல் வண்டி ஆயத்தமாயிற்று. போர்வீரர் அவ்வண்டிகளுக்குச் சின்னக் கியூரி என்று செல்லப் பெயரிட்டனர்.

அவ்வண்டியினுள் இருந்தவற்றை நாம் சற்றே நின்று பார்ப்போம். 110 வோல்ட்டு அழுத்தத்தில் 15 ஆம்பியர் ஓட்டம் தரும் டைனமோ ஒன்று, எக்ஸ் கதிர்க் கருவி, ஒளிரும் திரை, படத்தகடுகள், சன்னலை மறைக்கும் கறுப்புத் திரைச்சீலை, கையுறைகள், நீண்டதொரு மின்கம்பிச் சுருள். நம் ஊர்க் கண்மாய் மடையை எண்ணிக்கொண்டால் இவ்வெண்கள் விளங்கும். நீர் நிற்கும் உயரம் போன்றது வோல்ட்டு. மடைவழி ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது ஆற்றல். 110-ஐ 15-ஆல் பெருக்க 1650 வாட்டு. இக்காலத்து வீட்டில் துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றரைப் பங்கு எடுத்துக்கொள்ளும் ஆற்றலுக்கு ஏறக்குறைய ஈடு. இத்துணைச் சிறிய ஆற்றலைக் கொண்டே மனித உடலை ஊடுருவிப் பார்க்கவேண்டும்.

ஆனால் எக்ஸ் கதிர்க் குழாய் 110 வோல்ட்டைச் சட்டை செய்யாது. பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தம் இருந்தால்தான் அதனுள் எலக்ட்ரான்கள் விரைந்தோடி உலோகத் தகட்டில் மோதிக் கதிரை எழுப்பும். ஆகவே டைனமோவின் ஓட்டத்தைத் தடித்த கம்பிச் சுருளொன்றில் விட்டு, நொடிக்குப் பலமுறை வெட்டி வெட்டி இணைப்பர். அதன்மேல் மெல்லிய கம்பியால் எண்ணற்ற சுற்றுக்கள் சுற்றிய மற்றொரு சுருளில் பேரழுத்தம் தோன்றும். அழுத்தம் பெருகப் பெருக ஓட்டம் சுருங்கும். 1650 வாட்டு முழுவதும் நட்டமின்றி 50,000 வோல்ட்டாக மாறினாலும் ஓட்டம் ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் 33 கூறே. குழாயில் ஓடுவது அதனினும் மிகக் குறைவு.

சிறிய ஓட்டந்தானே என்று இகழலாகாது. ஆயிரத்தில் பத்துக் கூறு ஓடினாலே கைத்தசை இறுகிப் பிடித்த கம்பியை விடாது. அதற்கு மேல் ஏறி நெஞ்சின் வழியே பாய்ந்தால் இருதயம் ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடும். அக்காலத்துக் குழாய்க்குச் சென்ற கம்பிகளோ இன்று நாம் காண்பவைபோல உறையிட்டவை அல்ல. சுருளிலிருந்து குழாய்வரை வெற்றுக் கம்பிகளே அந்தரத்தில் தொங்கும். சன்னல் மூடி இருட்டாக்கிய அறை; சகதியில் நனைந்த சப்பாத்துக்கள்; ஈரத்தரை; இரும்புக் கட்டில்; மயங்கிக் கிடக்கும் நோயாளி; அவன்மேல் குனியும் வைத்தியர் கையிலே எஃகுக் கத்தி. தரையில் நின்று கம்பியைத் தீண்டுவோன் வழியே மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். மயக்க மருந்தாகிய ஈதரின் ஆவி நிறைந்த அறையில் ஒரு பொறி தெறித்தாலும் தீப்பற்றும். பகைவன் குண்டிற்குத் தப்பியவன் வைத்தியரின் கம்பியால் மாள்வது எத்துணைக் கொடுமை!

ஆதலால் மின்சாரத்தை ஆள்வதே முதற்பாடம் ஆயிற்று. எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடாது. வேகம் ஏறினால் டைனமோவின் அழுத்தமும் ஏறும். அதன்பின் சுருளின் பேரழுத்தமும் துள்ளும். ஆகவே ரியோஸ்டாட் என்னும் தடைக்கருவியால் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும், வோல்ட்டுமானியையும் ஆம்பியர்மானியையும் விழிப்புடன் நோக்கியும் இருத்தல் வேண்டும். குழாயும் மனம்போனபடி மாறும். அதனுள் எஞ்சிய சிறிதளவு வாயு பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைந்து, குழாய் கடினமாகி, மேலும் மேலும் அழுத்தத்தைக் கேட்கும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் பொறி வெளியே பாயும். எக்ஸ் கதிர்க் கருவியை இயக்கத் தெரிந்தவர் என்பதற்கு அந்நாளில் பொருள், குழாயின் மனநிலையை அறிந்தவர் என்பதே. அமெரிக்காவில் கூலிட்ஜ் என்பவர் 1913-இல் அமைத்த புதுக்குழாயில் சுடரிழையின் சூட்டை மாற்றியே ஓட்டத்தைத் தனியாகவும், அழுத்தத்தைத் தனியாகவும் ஆளலாம். அஃது எங்கும் பரவுமுன் போரின் பெரும்பகுதி கழிந்தது. சின்னக் கியூரி வண்டிகள் பழைய முரட்டுக் குழாய்களோடுதான் பெரும்பாலும் காலந்தள்ளின.

அம்மையார் எக்ஸ் கதிரைப் பற்றிச் சர்வகலாசாலையில் விரிவுரை ஆற்றியவரேயாயினும் வைத்தியர் அல்லர். பெக்லேர் என்னும் பாரிசு வைத்தியரிடம் மாணவிபோல் அமர்ந்து எக்ஸ் கதிரால் உடலை நோக்கும் முறையைக் கற்றார். எலும்புகளின் பெயரைப் படித்தார். வண்டியோட்டப் பழகி 1916-இல் அதற்குரிய அனுமதிச்சீட்டும் பெற்றார். ஐம்பதை எட்டும் பருவத்தில் குளிர்காலத்துச் சேற்றில் நின்று வண்டியின் முன்கோலைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினார், சக்கரம் மாற்றினார். 1915-இல் ஒருமுறை ஓட்டுநன் வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்தபோது கருவிப் பெட்டிகள் அவர்மேல் சரிந்து விழுந்தன. தம் காயத்தைவிடக் கண்ணாடித் தகடுகள் உடைந்தனவோ என்பதே அவருக்குக் கவலையாயிருந்ததென்று இளைய மகள் ஈவ் எழுதிய வரலாற்றால் அறிகின்றோம்.

செய்தி வந்ததும் வண்டி புறப்படும். போர்முனை வைத்தியசாலையை அடைந்தவுடன் அம்மையார் ஓர் அறையைத் தெரிந்துகொள்வார். ஓட்டுநன் கம்பிச் சுருளை விரித்து வண்டியின் டைனமோவோடு இணைப்பான். கருவி பூட்டப்படும், திரைச்சீலை தொங்கும், பக்கத்தில் படங்கழுவும் நீர்மங்கள் ஆயத்தமாகும். எல்லாம் சரியாயின என்று கண்டபின்னரே அவர் சைகை காட்ட, வெளியே ஓட்டுநன் எஞ்சினை முடுக்குவான். மின்சாரத்தின் பிறப்பிடம் அறைக்குப் புறத்தே இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். உள்ளே ஏதேனும் பிழைபடின் வெளியே எஞ்சின் நின்றால் போதும், மின்சாரமும் நிற்கும். நகரத்து மின்கம்பியில் அவ்வசதி இல்லை. பின்னர்ப் புண்பட்டோர் ஒருவர்பின் ஒருவராகத் தூக்குக் கட்டிலில் வருவர். திரையில் எலும்பு கறுத்துத் தோன்றும். அதனிடையே குண்டு அதனினும் கறுத்துத் தோன்றும். சில வேளைகளில் வைத்தியர் அவ்விடத்திலேயே, திரையை நோக்கியபடியே இடுக்கியால் குண்டை எடுப்பார். மணிகள் கழியும், சில இடங்களில் நாட்களும் கழியும்.

குண்டு எவ்வளவு ஆழத்தில் உள்ளதென்பதை ஒரு படம் சொல்லாது. அதற்கு நம் கணிதப் பாடம் துணைசெய்தது. குழாயைச் சிறிது நகர்த்தி இரண்டாம் நிழலை எடுத்தால், நிழல் நகர்ந்த தூரத்தையும் குழாய் நகர்ந்த தூரத்தையும் கொண்டு ஒத்த முக்கோணங்களின் விதியால் ஆழத்தைக் கணக்கிடலாம். வடிவகணிதம் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர் நம் வகுப்புக்களிலும் உண்டல்லவா? பெல்ஜிய நாட்டுப் படை வைத்தியர் ஒருவருக்கு இதை நம்பவைப்பதற்கு அம்மையாரின் மூத்த மகள் இரேன் பெரும்பாடு பட்டாள். அவளுக்கு அப்பொழுது வயது பதினெட்டு. 1914 நவம்பர் முதல் நாள் தாயோடு கிரேய் என்னும் ஊருக்குச் சென்றது முதல் தொழில் கற்றவள், அடுத்த ஆண்டே ஊக்ஸ்டாடே என்னும் ஊரில் தனியளாய்க் கருவியைப் பொறுப்பேற்று நடத்தினாள். இடையிடையே பாரிசு வந்து பட்டத் தேர்வுகளும் எழுதித் தேறினாள்.

இருபது வண்டிகளை அம்மையார் தாமே அமைத்தார். ஏறக்குறைய 200 வைத்தியசாலைகளில் நிலையான கதிர் அறைகளையும் நிறுவினார். வண்டியும் அறையும் பெருகின, இயக்குவோர் எங்கே? 1916 முதல் ரேடிய ஆராய்ச்சிச்சாலையிலேயே பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். போர் முடியுமுன் 150 பெண்டிர் பயின்று வெளியேறினர். சீமாட்டியும் இருந்தார், வீட்டுப் பணிப்பெண்ணும் இருந்தாள். மின்சாரம் என்றால் என்ன, எக்ஸ் கதிர் என்றால் என்ன, உடலமைப்பு எத்தகையது என்பவற்றை ஏட்டிலும், கருவியைப் பூட்டி இயக்குவதைக் கையாலும் அவர்கள் கற்றனர். பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடாமல் மின்சாரத்தை முதற்பாடமாக வைத்த இத்திட்டத்தை நாம் மிகவும் போற்றுகின்றோம். கருவி பழுதுற்ற நள்ளிரவில், போர்முனைச் சிற்றூரில், அப்பெண் ஒருத்தியே அங்கு மின்பொறியாளரும் ஆவாள். போரின் இறுதி ஈராண்டுகளில் மட்டும் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட வீரர்கள் பிரெஞ்சு நாட்டுக் கதிர்நிலையங்களால் பயன்பெற்றனர் என்பர். இவ்வனுபவங்களைத் தொகுத்து 1921-இல் அம்மையார் கதிரியலும் போரும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

இனி அவர் காலத்தில் முற்றுப்பெறாத பகுதிக்கு வருவோம். அந்தரத்தில் தொங்கிய வெற்றுக் கம்பிகள் இருபதாம் ஆண்டுகளிலும் முப்பதாம் ஆண்டுகளிலும் படிப்படியாய் மறைந்தன. குழாயை உலோகக் கூட்டினுள் அடைத்து, கூட்டை மண்ணோடு இணைத்து, உள்ளே எண்ணெய் நிரப்பி, கம்பிகளுக்குத் தடித்த உறையிட்டனர். தொடுவோனுக்கு அதிர்ச்சி தராத கருவி என்று அவற்றைச் சிறப்பித்துச் சொல்லவேண்டியிருந்த காலம் அது. இன்று மின்சாரம் கசியும் அளவிற்கே வரம்பு உண்டு. 1977-இல் முதன்முதல் வெளியான சர்வதேச விதி, வைத்திய மின்கருவியினின்று நோயாளியின் உடல்மேல் கசியும் ஓட்டம் வழக்கமான நிலையில் ஓர் ஆம்பியரின் பதினாயிரத்தில் ஒரு கூற்றைத் தாண்டலாகாது என்றது. இருதயத்தை நேரே தொடும் கருவிக்கு அதிலும் பத்தில் ஒன்றே. இன்று காசநோயாளரைத் தேடிச் சிற்றூர்களுக்கு வரும் எக்ஸ் கதிர்ப் பெட்டி சில கிலோ எடையே உள்ளது. ஒருவர் கையில் தூக்கிச் செல்லலாம். அதனுள்ளிருக்கும் மின்கலம் குழாய்க்குப் பல்லாயிரம் வோல்ட்டு அளிக்கிறது; கசிவின்றியும் துள்ளலின்றியும் அளிக்கிறது. சின்னக் கியூரி வண்டியில் ஓட்டுநனும் ரியோஸ்டாட்டும் விழித்த கண்ணும் சேர்ந்து செய்த வேலையை நகத்தளவு மின்னணுச் சில்லு செய்கிறது. பேரையூரில் வீட்டுத் திண்ணையருகே அத்தகைய பெட்டியை வைத்து ஒரு கிழவியின் மார்பைப் படம்பிடிக்க இயலும். பத்து வயதில் தாயை இழந்த வார்சாச் சிறுமியை அப்போது நாம் நினைத்துக்கொள்வோம்.

ஆயினும் அம்மையாரின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. மின்சாரம் தீண்டினால் உடல் அக்கணமே உணரும்; ஆகவே அதற்கு அஞ்சினர், அடக்கினர். கதிர் தீண்டுவது உடலுக்குத் தெரியாது. ஈயக் கையுறையும் திரையும் இல்லாமற் போகவில்லை. மாணவிகளுக்கு எச்சரிக்கையும் சொல்லப்பட்டது. ஆனால் அக்காலத்துக் குழாய் எல்லாத் திசையிலும் கதிரைச் சிதறியது. அவசரத்தில் கையுறை கழற்றப்பட்டது. திரையின் எதிரே மணிக்கணக்காக நின்ற உடல் எவ்வளவு கதிரை வாங்கியது என்று கணக்கிட ஒரு மானியும் அங்கில்லை. ஆயிரங்கோடியில் ஒரு கூறு மின்னோட்டத்தை அளந்தவர் தம்மேல் விழுந்ததை அளக்காமல் விட்டார். கண்களில் புரை விழுந்தது. பலமுறை அறுவை செய்தனர். குருதி நலிந்தது. 1934 ஜூலை 4-ஆம் நாள் பிரான்சு நாட்டு மலைச்சாரல் வைத்தியசாலை ஒன்றில் உயிர் நீத்தார். எலும்பின் உள்ளிருக்கும் மச்சை குருதி உண்டாக்குவதை நிறுத்திவிட்டதே நோய். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்னார்டு பெயரால் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான்.

இரேன் தம் கணவரோடு 1935-இல் நோபெல் பரிசு பெற்றார். 1950 ஜனவரியில் இந்தியாவிற்கு வந்தபோது கல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் வைத்தியசாலையையும், மேகநாத சாகா நிறுவிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தையும் திறந்துவைத்தார். ஊக்ஸ்டாடேயில் பதினெட்டு வயதில் குண்டின் ஆழத்தைக் கணக்கிட்ட அவரும் 1956 மார்ச்சு மாதத்தில் இரத்தப் புற்றால் இறந்தார். வயது 58.

1995-இல் பிரெஞ்சு அரசாங்கம் கியூரி தம்பதியரின் உடலைப் பாரிசுப் பெருமக்கள் மண்டபத்திற்கு மாற்றத் தீர்மானித்துக் கல்லறையைத் திறந்தது. கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் உடனிருந்து அளந்தனர். பெட்டியினுள் இருந்த ரேடியம் அஞ்சிய அளவினும் குறைவாகவே காணப்பட்டது. உயிரைக் குடிக்கும் அளவிற்கு ரேடியம் அவ்வுடலில் புகுந்திருக்க முடியாதென்று அவர்கள் கருதினர். போர்க்காலத்தில் வண்டியோடு சென்று அவர் வாங்கிய எக்ஸ் கதிரே அந்நோய்க்குக் காரணமாயிருக்கலாம் என்பது அவர்கள் தெரிவித்த கருத்து. அவ்வாண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் அவ்வுடல் மண்டபத்தினுள் வைக்கப்பட்டது. தம் சொந்தத் தகுதியால் அங்கு இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.